வெயில் எல்லாருக்கும் பொது, பேனல் யாருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ உக்காந்து இதைக் கேட்டுக்கிட்டிருக்கற பாதிப் பேருக்குச் சொந்த ஊர்னு ஒண்ணு வேற இருக்கும். சமீபமா அந்த ஊர்ல இருந்து வர்ற போன்கள்ல ஒரு கேள்வி அடிக்கடி வருது: "நம்ம வீட்டு மாடில சோலார் போடலாமாப்பா? கவர்மென்ட் மானியம் தருதாமே?"

இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான். ஆனா ஒரு வீட்டுக்கு மட்டும் பதில் தேடாம, ஒரு சின்ன ஊரையே எடுத்துக்கிட்டு யோசிக்கலாம்னு இருக்கேன். ஊர் மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டம், விருத்தாசலத்துல இருந்து உளுந்தூர்பேட்டை போற ரோட்டுல வர்ற பேரூராட்சி. ஏன் இந்த ஊருன்னு கேட்டா, மின்சாரத்தோட மொத்தக் கதையும் இந்த வட்டாரத்துக்குள்ளயே அடங்கிடுது.

ஒரே குழியில இருந்து வந்த ரெண்டு பொருள்

உங்க தாத்தா வீட்டு மீட்டர் பலகை ஞாபகம் இருக்கா? வெள்ளையா, பீங்கான்ல ஒரு ஃபியூஸ் கேரியர் இருக்கும். ஃபியூஸ் போனா அதைப் புடுங்கி, கம்பி சுத்தி, திரும்பச் சொருகுவாங்க. அந்த மாதிரி ஃபியூஸ் கேரியர்கள் செய்யற ஊர்கள்ல ஒண்ணு விருத்தாசலம். அகல் விளக்கு, பொம்மைன்னு மத்த பீங்கான் சாமான்களும் அங்க தயாராகுது. செராமிக் டெக்னாலஜி சொல்லித் தர அரசுக் கல்வி நிலையமும் அங்க இருக்கு.

பீங்கான் தொழில் இங்க வேர் பிடிச்சதுக்கு ஒரு முக்கியக் காரணம் பக்கத்துல இருக்கற நெய்வேலி. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா ஏதோ வருதுன்னு பார்த்ததுல ஆரம்பிச்ச கதை, 1956ல நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஆச்சு. பழுப்பு நிலக்கரி அடியில இருக்கும். அதுக்கு மேல இருக்கற மண்ணை முதல்ல வெட்டித் தள்ளணும். அந்த மேல்மண்ணுல வெள்ளைக் களிமண்ணும் இருந்துச்சு. அதைக் கழுவிப் பிரிக்க நெய்வேலியிலேயே ஒரு ஆலை வச்சிருந்தாங்க. அதாவது, மின்சாரத்துக்கான நிலக்கரி, அந்த மின்சாரத்தை வீட்டுக்குள்ள பத்திரமா கொண்டுவர்ற பீங்கானுக்கான களிமண், ரெண்டுமே ஒரே குழியில இருந்து வந்தது.

இதுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. குழி பெருசாகும்போதெல்லாம் யாரோ ஒருத்தர் நிலத்தைக் கொடுக்கணும். 2023 ஜூலைல வளையமாதேவி பக்கம், சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ன வயல்ல இயந்திரம் இறங்கினதை டிவில நீங்களே பார்த்திருப்பீங்க.

இப்போ அதே நிறுவனம் வெயில் பக்கமும் திரும்பியிருக்கு. நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சூரிய மின் நிலையம். தென் மாவட்டங்கள்ல 1,209 மெகாவாட். கூடவே கொஞ்சம் காற்றாலை. மொத்தமா 1,300 மெகாவாட்டுக்கு மேல. தனியார் பக்கம் பார்த்தா, ராமநாதபுரம் கமுதியில 2016ல வந்த 648 மெகாவாட் நிலையம், வந்த சமயத்துல உலகத்துலயே பெரிய சூரிய மின் நிலையங்கள்ல ஒண்ணு.

சரி, மெகாவாட் ஏறுது. சந்தோஷம். ஆனா மங்கலம்பேட்டைல ஓட்டு வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இதுல என்ன கிடைச்சது? இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

"கரண்ட் வந்தாச்சு"ன்னா என்ன அர்த்தம்?

வளரும் நாடுகள்ல "மின்சாரம் எல்லாருக்கும்"னு பேசும்போது பொதுவா நம்ம மனசுல வர்ற படம், மண்ணெண்ணெய் விளக்கு போய் பல்பு வர்றது. அந்தப் படத்தை ரொம்பப் பெரிய அளவுல நிஜமாக்கின நாடு பங்களாதேஷ். 2003ல தொடங்கி, கிராமத்து வீடுகளுக்குத் தவணை முறைல சின்ன பேனல், பேட்டரி, ரெண்டு மூணு விளக்குன்னு கொடுத்தாங்க. 40 லட்சத்துக்கும் மேல வீடுகள்! உலகத்துலயே இவ்வளவு பெரிய வீட்டு சோலார் திட்டம் அதுவரைக்கும் இருந்ததில்ல.

அப்புறம் என்னாச்சு? அரசாங்கத்தோட கம்பி ஊருக்குள்ள வந்துச்சு. கம்பி வந்ததும் ஜனங்க பேனலுக்குத் தவணை கட்டறதை நிறுத்த ஆரம்பிச்சாங்க. ஏன்னா விளக்கோட ஆசை முடிஞ்சிடறதில்ல. ஃபேன் வேணும், ஃபிரிட்ஜ் வேணும், தையல் மெஷின் ஓட்டணும். 2018ல அந்தத் திட்டமே நின்னு போச்சு. தோல்வின்னு சொல்ல மாட்டேன், லட்சக்கணக்கான பிள்ளைங்க அந்த வெளிச்சத்துல படிச்சாங்க. ஆனா விளக்கு எரியறது முதல் படி மட்டும்தான்னு அந்த நாடு நமக்குக் காட்டிடுச்சு.

தமிழ்நாடு அந்த முதல் படியை எப்பவோ தாண்டிடுச்சு. கம்பி இல்லாத ஊரு இங்க அபூர்வம். அதனால நம்ம ஊர்ல கேள்வி வேற மாதிரி கேக்கணும்: புதுசா வர்ற இந்த மலிவு மின்சாரத்தோட லாபம் யார் பைக்குப் போகுது?

ரெண்டு வீடு, ஒரே வெயில்

இப்போ கொஞ்சம் கணக்கு போடலாம். பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல்தான்.

அடிப்படை என்னன்னா, ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத மாடில சுமார் 100 சதுர அடி வேணும். நம்ம ஊர் வெயில்ல அது ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும். நம்ம பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைங்கறதால, ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட்னு வச்சுக்கலாம். 2024 பிப்ரவரில வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், ரெண்டுக்கு 60,000, மூணோ அதுக்கு மேலயோ போட்டா 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம். பேனல், இன்வெர்ட்டர், மாட்டற கூலி எல்லாம் சேர்த்து கிலோவாட்டுக்கு எழுபதாயிரம் ரூபாய்க்குள்ளன்னு கணக்குக்கு எடுத்துக்குவோம். பில் கணக்கு 2024 ஜூலை கட்டணப்படி. சில்லறைக் கட்டணங்களை விட்டுடறேன்.

முதல் வீடு. மங்கலம்பேட்டைல ஒரு சின்னக் குடும்பம். ரெண்டு ஃபேன், நாலு லைட், டிவி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட். இதுல முதல் 100 யூனிட் இலவசம், 2016ல இருந்து அப்படித்தான். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம். பில் 235 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டா அந்த பில் காணாமப் போகும். வருஷத்துக்கு மிச்சம் 1,410 ரூபாய். மானியம் போகக் கையில இருந்து போட்டது 40,000 ரூபாய். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க எத்தனை வருஷம்? 28. பேனலுக்குப் பொதுவா கம்பெனிகள் தர்ற உத்தரவாதமே 25 வருஷம்தான்!

ரெண்டாவது வீடு. அண்ணா நகர்ல ரெண்டு ஏசி, கீசர், வாஷிங் மெஷின். ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட். பில் ஏறத்தாழ 7,000 ரூபாய். மூணு கிலோவாட் போடறாங்க. 720 யூனிட் மாடியிலயே வந்துடுது. மிச்சம் 280 யூனிட்டுக்குத்தான் பில், சுமார் 600 ரூபாய். இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. 500 யூனிட்டைத் தாண்டின வீட்டுக்கு மேல்படி யூனிட்டோட விலை மட்டும் ஏறாது, கீழ்ப்படி சலுகை விலையும் போயிடும். சோலார் போட்டதும் அந்த வீடு திரும்பவும் சலுகைப் படிக்கு இறங்கி வந்துடுது. வருஷத்துக்கு மிச்சம் 38,000 ரூபாய்க்கு மேல. மானியம் போகப் போட்ட பணம் ஒண்ணேகால் லட்சத்தைத் தாண்டலாம். மூணரை வருஷத்துல கைக்குத் திரும்பிடும். அதுக்கப்புறம் இருபது வருஷம் லாபம்தான்.

கிலோவாட் கணக்குல பாருங்க. அதே பேனல், அதே சூரியன். சின்ன வீட்டுக்கு ஒரு கிலோவாட்டால வருஷம் 1,410 ரூபாய் மிச்சம். பெரிய வீட்டுக்குக் கிட்டத்தட்ட 12,800 ரூபாய். ஒன்பது மடங்கு!

அதனால "சொந்த ஊர் வீட்டுக்குப் போடலாமா"ங்கற கேள்விக்கு என் பதில்: பழைய பில்லை எடுத்துப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டற வீடுன்னா தாராளமா போடுங்க. 200க்குள்ளன்னா, யார் என்ன ஆஃபர் சொன்னாலும் அவசரப்படாதீங்க.

ராத்திரி ஏழு மணிக்கு யார் தர்றாங்க?

இதுல தப்பு யாரு மேலயும் இல்ல. ஏசி வீட்டுக்காரர் சட்டப்படிதான் போடறார், சுத்தமான மின்சாரம்தான் வருது. ஆனா இதுக்குப் பின்னாடி ரெண்டு விஷயம் நடக்குது.

ஒண்ணு, நேரம். பேனல் பகல்ல உற்பத்தி பண்ணுது, வீட்டுல ஆளுங்க சாயங்காலம்தான் வர்றாங்க. பகல்ல மிஞ்சின யூனிட்டை மின்வாரியக் கம்பிக்குள்ள தள்ளிட்டு, ராத்திரி அதே அளவு திரும்ப வாங்கிக்கலாம். இதுதான் நெட் மீட்டரிங். மின்வாரியத்தை ஒரு பெரிய பேட்டரி மாதிரி பயன்படுத்தறோம். ஆனா மின்வாரியத்துக்கிட்ட நிஜமாவே அவ்வளவு பெரிய பேட்டரி கிடையாது. ராத்திரி ஏழு மணிக்கு ஊரே லைட் போடும்போது, அந்தச் சுமையைப் பெரும்பாலும் தாங்கறது நெய்வேலி மாதிரி அனல் மின் நிலையங்கள்தான்.

ரெண்டாவது, பணம். ஒரு யூனிட்டை உங்க வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவர ஆகற செலவு 2.35 ரூபாயை விட ரொம்ப அதிகம். அந்தப் பள்ளத்தை ஒரு பக்கம் அரசு மானியம் நிரப்புது. இன்னொரு பக்கம், யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல கட்டற வீடுகளும் கடைகளும் ஆலைகளும் நிரப்புது. மங்கலம்பேட்டை வீட்டோட 235 ரூபாய் பில்லுக்குப் பின்னாடி அண்ணா நகர் வீட்டோட 7,000 ரூபாய் பில்லும் நிக்குது.

இப்போ அந்த 7,000 ரூபாய் 600 ஆகுது. ஒரு வீடுன்னா ஒண்ணும் ஆகாது. லட்சம் வீடுன்னா? டிரான்ஸ்ஃபார்மர் செலவு, கம்பிச் செலவு, லைன்மேன் சம்பளம் எதுவும் குறையல. கட்டற ஆள் மட்டும் குறையறாங்க. அப்போ கட்டணம் ஏறும். ஏறினா இன்னும் நாலு வசதியானவங்க சோலாருக்குப் போவாங்க. கடைசில கம்பியை மட்டுமே நம்பி நிக்கறது யாரு? மாடி இல்லாதவங்க.

சோலாரே வேணாம்னு நான் சொல்ல வரல. தனித்தனி மாடி, தனித்தனி முதல்னு மட்டும் போனா, வெயில் மாதிரி எல்லாருக்கும் பொதுவான ஒண்ணு கூட, ஏற்கெனவே இருக்கறவங்களுக்குத்தான் போய்ச் சேருது. இதைச் சொல்லத்தான் இந்தக் கணக்கு.

வரிசைல நிக்கற மத்தவங்க

வீடுகளை விட்டுட்டு ஊரைக் கொஞ்சம் சுத்திப் பாருங்க.

வாடகைக்கு இருக்கறவங்க. மாடி வீட்டுக்காரருது. பேனலுக்குப் பணம் போட வீட்டுக்காரருக்கு ஆர்வம் இருக்காது, ஏன்னா பில் கட்டறது குடியிருக்கறவங்க. குடியிருக்கறவங்களுக்கு உரிமை இருக்காது. ஓட்டு வீடு, ஷீட் வீடுன்னா பேனல் சட்டத்தைத் தாங்குமாங்கறதே முதல் கேள்வி.

பீங்கான் பட்டறைக்காரங்க. சூரிய வீடு மானியம் வீடுகளுக்கு மட்டும்தான். பட்டறைக்குக் கிடையாது. சரி, சொந்தப் பணத்துல போட்டாக்கூட, களிமண் அரைக்கற மோட்டாரைப் பகல்ல ஓட்டலாம். ஆனா பீங்கானோட உயிர் சூளைல இருக்கு. சூளைக்குள்ள வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கா நிக்கணும். அது எரிபொருள் எரிச்சு வர்ற சூடு. மாடில நாலு பேனல் வச்சு அதை ஈடுகட்ட முடியாது. "மின்சாரம்", "எரிசக்தி" ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறது இங்க நல்லா புரியும். மின்சாரத்தைச் சுத்தமாக்கறது இருக்கறதுலயே சுலபமான பகுதி. சூட்டைச் சுத்தமாக்கறது அடுத்த மலை.

விவசாயிங்க. தமிழ்நாட்டுல பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம். ஆனா அந்த இலவச இணைப்பு கிடைக்க வரிசைல நிக்கணும். 2021ல ஒரு லட்சம் புது இணைப்பு திட்டத்தை அறிவிச்சப்போ, காத்திருந்த விண்ணப்பங்கள் நாலரை லட்சத்துக்கு மேல. 2019ல வந்த குசும் திட்டத்துல வேளாண் பொறியியல் துறை மூலமா மானிய விலைல சோலார் பம்பு கொடுக்கறாங்க. வரிசைல நிக்கறவங்களுக்கு நிஜமாவே ஒரு வழி. ஆனா அதுலயும் ஒரு சிக்கல். பேனல் மாட்டினதுக்கப்புறம் தண்ணி இறைக்கறதுக்குச் செலவே இல்ல. செலவே இல்லைன்னா நிறுத்தணும்னு யாருக்குத் தோணும்? நிலத்தடி நீர் இறங்கிக்கிட்டே போகும்.

ஒரு பஞ்சாயத்து வாங்கின காற்றாலை

"சரிப்பா, பிரச்சினை புரிஞ்சுது, வழி என்ன?"ன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுலயே ஒரு பஞ்சாயத்து இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வழி காட்டியிருக்கு.

மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை. 1996ல இருந்து பத்து வருஷம் ஆர். சண்முகம்ங்கறவர் அங்க ஊராட்சித் தலைவர். ஊருக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தாங்க. தண்ணி வந்துச்சு, கூடவே மோட்டாருக்கான கரண்ட் பில்லும் வந்துச்சு. ஊராட்சியோட வருமானத்தை அந்த பில் தின்ன ஆரம்பிச்சது. முதல்ல தெருவிளக்குல சிலதை சோலாருக்கு மாத்தினாங்க. மரக்கழிவை எரிச்சு மோட்டார் ஓட்டற ஒரு கருவி வச்சாங்க. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணு பண்ணாங்க. 2006ல உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடில, ஊராட்சி பேர்லயே 350 கிலோவாட் காற்றாலை ஒண்ணு வாங்கினாங்க.

விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேர்த்து வச்சிருந்தது 40 லட்சம். மிச்சம் 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை ஓடந்துறைல இல்லங்கறதைக் கவனிங்க. காத்து எங்க நல்லா வீசுதோ அங்க வச்சாங்க. அங்க வர்ற யூனிட்டை மின்வாரியக் கம்பில ஏத்திட்டு, தங்களோட தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே வித்தாங்க. அந்த வருமானத்துல கடனை அடைச்சாங்க.

இதுல என்ன விசேஷம்? முதலாளி ஊரு. லாபம் வந்தா தெருவிளக்குக்கும் தண்ணிக்கும் போகும். தெருவிளக்குக்குக் கீழ நடக்கறதுக்குச் சொந்த மாடி தேவையில்ல. வாடகை வீட்டுல இருக்கறவங்களும் குடிநீர்க் குழாய்ல பங்காளிதான்.

நீர் பிரச்சினைக்கும் ஒரு பதில் இருக்கு. குஜராத் கேடா மாவட்டத்துல துண்டின்னு ஒரு கிராமம். 2016ல ஆறு விவசாயிங்க சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. எல்லார் பம்புக்கும் சோலார். இறைச்சது போக மிஞ்சின மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு யூனிட் 4.63 ரூபாய்னு விக்க 25 வருஷ ஒப்பந்தம். இப்போ ஒரு மணி நேரம் தேவையில்லாம மோட்டார் ஓடினா, அது கையில இருந்து போற காசு. வெயிலும் ஒரு பயிர் ஆயிடுச்சு. தண்ணியை மிச்சம் பிடிக்கறவங்களுக்கு வருமானம். நம்ம ஊர் மாதிரி கரண்ட் முழுக்க இலவசமா இருக்கற இடத்துல, ஒரு விவசாயிக்கு இப்படி ஒரு காரணம் கொடுக்கறதுதான் முக்கியம்னு நான் நினைக்கறேன்.

வாடகைக்காரங்களுக்கும் வழி இருக்கு. டெல்லில 2019ல இருந்தே விதி இருக்கு: வேற எங்கயோ இருக்கற ஒரு பொது சோலார்ல பங்கு வாங்கிட்டு, அதோட யூனிட்டை உங்க வீட்டு பில்லுல கழிச்சுக்கலாம். மாடி தேவையில்ல, பங்கு போதும்.

அப்போ மங்கலம்பேட்டைல என்ன கேக்கலாம்?

ஒவ்வொரு பேரூராட்சியும் ரெண்டு பெரிய பில் கட்டுது: தண்ணி மோட்டார், தெருவிளக்கு. தண்ணி மோட்டாரைப் பெரும்பாலும் பகல்லயே ஓட்டலாம். மேல்நிலைத் தொட்டியே ஒரு பேட்டரி மாதிரிதான், மின்சாரத்துக்குப் பதிலா தண்ணியைச் சேமிக்குது. வெயில் இருக்கும்போது ஏத்தி வச்சா சாயங்காலம் குழாயில விடலாம். சோலாருக்கு இதை விடப் பொருத்தமான வேலை கிடையாது. பேரூராட்சி அலுவலகம், அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம் இதுகளோட மாடி எல்லாம் ஊர்ச் சொத்து.

அதனால சொந்த ஊருக்குப் போகும்போது மூணு விஷயம் கேளுங்க. நம்ம பேரூராட்சி வருஷத்துக்கு மின்வாரியத்துக்கு எவ்வளவு கட்டுது? தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டணத்துல ஒரு மனு போட்டா பதில் சொல்லியாகணும். பொதுக் கட்டடங்கள்ல நிழல் விழாத மாடி எவ்வளவு சதுர அடி இருக்கு? நூறால வகுத்தா எத்தனை கிலோவாட்னு வந்துடும். இந்த ரெண்டு கணக்கையும் உங்க வார்டு கவுன்சிலர் கையில கொடுத்து, மன்றக் கூட்டத்துல வைக்கச் சொல்ல முடியுமா?

வீட்டு மாடில சோலார் போடறது நல்ல முதலீடு. ஊர் மாடில போட வைக்கறதுக்கு மானிய விண்ணப்பம் பத்தாது, நாலு பேர் சேர்ந்து கேக்கணும். முதல்ல சொன்னதால ஒரு வீட்டு பில் குறையும். ரெண்டாவதால, பில்லே கட்ட முடியாம இருக்கறவங்க தெருவுலயும் விளக்கு எரியும்.

உங்க ஊர் பேரூராட்சி இல்ல ஊராட்சியோட கரண்ட் பில் எவ்வளவுன்னு கண்டுபிடிச்சீங்கன்னா எங்களுக்கு எழுதுங்க. வர்ற கணக்குகளை வச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.